வெற்று மிரட்டலைக் கண்டுகொள்வது எப்படி: போக்கர் மேசைக்குப் புதியவர்களுக்கு

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகே, நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடி அறையில் சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடிப் போக்கர் ஆடுகிறோம். வேலைக்காக இந்த ஊருக்கு வந்து தங்கிவிட்ட தருமபுரிக்காரர், மதுரைக்காரர், வேலூர்க்காரர் என்று பலரும், இங்கேயே மூன்று தலைமுறையாக வாழும் குடும்பங்களைச் சேர்ந்த இருவரும் அதில் உண்டு. எல்லோருக்கும் ரம்மியும் மூன்று சீட்டும் சிறு வயதிலிருந்தே பழக்கம் என்பதால், விதிகளைக் கற்றுக்கொள்ள ஒரு மாலை போதுமானதாக இருக்கிறது. புதிதாக வருபவர் இரண்டாவது வாரமே கேட்பது ஒரே கேள்வியைத்தான்: எதிரில் இருப்பவர் கையில் சீட்டு இருந்து பந்தயம் வைக்கிறாரா, ஒன்றும் இல்லாமல் மிரட்டுகிறாரா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

அவர்கள் எதிர்பார்க்கும் பதில் முகத்தைப் பற்றியது. கண் சிமிட்டினால் இப்படி, மூக்கைத் தொட்டால் அப்படி என்று ஒரு பட்டியல் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். அந்தப் பட்டியலை நான் கொடுப்பதில்லை. பொய்யை மெய்யிலிருந்து பிரித்தறியும் மனிதத் திறன் குறித்து அதுவரை நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2006 ஆம் ஆண்டில் உளவியலாளர்கள் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் வெளியிட்ட ஆய்வில், மக்கள் சரியாகக் கணித்தது சராசரியாக 54 சதவீதம் மட்டுமே; நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைத்துவிடும். ஆகவே பந்தயங்கள் சொல்லும் கதையை முதலிலும், அந்த ஆளின் வழக்கத்தை இரண்டாவதாகவும், உடல் காட்டும் குறிப்பைக் கடைசியிலும் படிக்க வேண்டும் என்பதே நான் கற்றதும் கற்பிப்பதும். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள்தாம் எங்கள் மேசையில் மிகுதியாக ஏமாந்திருக்கிறார்கள்.

ஒரு செய்தியை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். நாங்கள் பணம் வைத்து ஆடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் 2000 மதிப்புள்ள பிளாஸ்டிக் வில்லைகள் (சிப்ஸ்) பிரித்துக் கொடுக்கப்படும். முதலில் எல்லாவற்றையும் இழப்பவர் அனைவருக்கும் சுக்குக் காப்பி போட வேண்டும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்துக்கு 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. எனவே இந்தக் கலையைப் பழக விரும்புகிறவர் பணத்துக்கு ஆட அழைக்கும் செயலி எதன் பக்கமும் போக வேண்டாம். நேரில் பார்க்கக்கூடிய நான்கு நண்பர்களும் ஒரு சீட்டுக்கட்டும் போதும்.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

இங்கே நான் பேசுவது டெக்சாஸ் ஹோல்டம் ஆட்டத்தைப் பற்றி. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பிறகு மேசையில் ஃப்ளாப் எனப்படும் மூன்று பொதுச் சீட்டுகளும், டர்ன் என்ற ஒரு சீட்டும், ரிவர் என்ற கடைசிச் சீட்டும் முறையே திறக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சுற்றுப் பந்தயம் நடக்கும். பந்தயம் வைக்காமல் முறையைக் கடத்துவது செக், எதிராளி வைத்த அளவையே தானும் வைப்பதை இங்கே ஈடுகட்டுதல் என்று எழுதுகிறேன், விலகிக்கொள்வது ஃபோல்டு. நடுவில் சேரும் சிப்ஸ்களைக் குவியல் என்பேன். ஒருவரிடம் சேரும் சீட்டுகளையும், சீட்டு பிரிப்பதில் தொடங்கி முடியும் ஒரு ஆட்டத்தையும் கை என்பேன்.

ஜோடியாக இல்லாத இரண்டு சீட்டுகளைப் பிடித்தவருக்கு, ஃப்ளாப்பில் ஜோடிகூடச் சேராமல் போவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு தடவை நடக்கும். எல்லோரும் நல்ல சீட்டு வந்தால் மட்டுமே பந்தயம் வைப்பது என்று இருந்தால் ஆட்டமே நகராது. ஆகையால் மிரட்டுவது ஒழுக்கக் கேடும் அல்ல, அபூர்வமும் அல்ல. அது ஆட்டத்தின் எலும்போடு சேர்ந்தது. ஒன்றுமே இல்லாமல் வைக்கும் பந்தயம் முழு மிரட்டல். இப்போது ஒன்றும் இல்லாவிட்டாலும் அடுத்த சீட்டில் ஏதாவது சேர வாய்ப்புள்ள நிலையில் வைப்பது அரை மிரட்டல். ஃப்ளாப்பில் ஒரே சின்னத்தில் நான்கு சீட்டுகள் சேர்ந்தவருக்கு, ரிவருக்குள் ஐந்தாவது வந்து ஃப்ளஷ் ஆகும் வாய்ப்பு ஏறத்தாழ 35 சதவீதம். புதியவர்கள் வைக்கும் மிரட்டல்களில் பெரும்பகுதி இப்படித் தொடங்கி, எதிர்பார்த்த சீட்டு வராமல் ரிவரில் முழு மிரட்டலாக முடிபவைதான்.

இன்னொன்று, நீங்கள் நூற்றுக்கு நூறு உறுதியாக இருக்க வேண்டியதில்லை. குவியலில் 600 இருக்கிறது, எதிராளி 300 வைக்கிறார் என்றால், 900-ஐ வெல்வதற்காக நீங்கள் 300 போடுகிறீர்கள். நான்கில் ஒரு முறை அவர் மிரட்டலாக இருந்தாலே கைக்கும் வாய்க்கும் சரியாகிவிடும். அவர் 600 முழுவதையும் வைத்தால், 1200-க்காக 600 போடுகிறீர்கள். மூன்றில் ஒரு முறை உங்கள் கணிப்புச் சரியாக இருக்க வேண்டும். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால், குவியலில் பாதி அளவு வைக்கும் மிரட்டல் மூன்றில் ஒரு தடவைக்கு மேல் உங்களை விலக வைத்தாலே அவருக்கு லாபம். இந்த இரண்டு கணக்குகளையும் மனப்பாடம் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். “பொய்யா, மெய்யா” என்ற கேள்வியை “எத்தனைக்கு எத்தனை” என்று மாற்றிக்கொள்ளும் பயிற்சியே இதில் முதன்மையானது.

முதல் படி: நீங்கள் ஆடாத கைகளைப் பாருங்கள்

ஒழுங்காக ஆடுகிற ஒருவர் தமக்கு வரும் சீட்டுகளில் பெரும்பாலானவற்றைத் தொடக்கத்திலேயே கவிழ்த்துவிடுவார். அந்த இடைவெளியில் கைப்பேசியை எடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ரம்மியில் எதிராளி எந்தச் சீட்டை எடுத்தார், எதைப் போட்டார் என்று நினைவில் வைக்கிறவர், போக்கருக்கு வந்ததும் ஏனோ தம் கைச் சீட்டுகளை மட்டுமே பார்க்கிறார். உங்கள் சிப்ஸ் எதுவும் குவியலில் இல்லாத நேரத்தில்தான் பதற்றமின்றிப் பார்க்க முடியும்.

ஒரு மாலைக்கு ஒருவரை மட்டும் தேர்ந்தெடுங்கள். அவர் எத்தனை கைகளுக்கு ஒன்றில் உள்ளே வருகிறார், உள்ளே வரும்போது உயர்த்தி வருகிறாரா அல்லது ஈடுகட்டி மட்டும் வருகிறாரா, சாதாரணமாக எவ்வளவு வைக்கிறார், சிப்ஸை அடுக்கி வைக்கிறாரா அள்ளிப் போடுகிறாரா, எவ்வளவு பேசுகிறார் என்பவற்றைக் கவனியுங்கள். இதெல்லாம் சாதாரண நிலையின் அளவுகோல். பிறகு ஒரு கை இறுதிவரை சென்று சீட்டுகள் திறக்கப்படும்போது, அதே கையில் அவர் ஃப்ளாப்பிலும் டர்னிலும் செய்ததைப் பின்னோக்கி நினைவுபடுத்திப் பாருங்கள். திறக்கப்பட்ட சீட்டுகள்தாம் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே உறுதியான சான்று, மற்றவை ஊகம். எங்கள் மேசையில் சீட்டுகள் திறந்தவுடன் எல்லோரும் வென்றவரைப் பார்க்கிறார்கள். தோற்றவரின் சீட்டுகளையும் பாருங்கள், ஏனெனில் பிடிபட்ட மிரட்டல் அங்கேதான் கிடக்கிறது.

இரண்டாம் படி: பந்தயங்களைக் கதையாகப் படியுங்கள்

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். ஒவ்வொரு பந்தயமும் “என்னிடம் இது இருக்கிறது” என்ற ஒரு வாக்கியம். நான்கு சுற்றுகளிலும் சொல்லப்பட்ட வாக்கியங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். மெய்யான கைக்கு அது தானாகப் பொருந்தும்; மிரட்டுபவரோ பெரும்பாலும் நடுவழியில்தான் கதை புனையத் தொடங்குகிறார் என்பதால், முன்னால் சொன்னதோடு ஏதாவது ஓரிடத்தில் முரண்படும்.

எளிய எடுத்துக்காட்டு: ஃப்ளாப்பில் இரண்டு ஸ்பேட் சீட்டுகள் கிடக்கின்றன. அப்போதும் டர்னிலும் செக் செய்த ஒருவர், ரிவரில் ஒன்றுக்கும் உதவாத ஒரு சிறிய சீட்டு வந்தவுடன் குவியல் அளவுக்கு வைக்கிறார். வலுவான கை அவரிடம் முன்பே இருந்திருந்தால், ஸ்பேடுக்காகக் காத்திருப்பவர்களிடம் இரண்டு முறை விலை கேட்காமல் இலவசமாகவா விட்டிருப்பார்? கடைசிச் சீட்டு அவருக்கு எந்தக் கையை உருவாக்கியிருக்கக்கூடும்? இரண்டு கேள்விகளுக்கும் நல்ல விடை கிடைக்கவில்லை என்றால் கதையில் ஓட்டை இருக்கிறது.

இனிக் கணக்கோடு ஒன்று. சீட்டு பார்க்கும் முன்பே இருவர் வைத்தாக வேண்டிய கட்டாயப் பந்தயங்கள் 10, 20. ஒரு நண்பர் முன் இருக்கையிலிருந்து, அதாவது சுற்றில் முதலில் முடிவெடுக்கும் இடத்திலிருந்து, 60-க்கு உயர்த்துகிறார். உங்களிடம் ஹார்ட் ராஜாவும் ஹார்ட் ராணியும். நீங்கள் மட்டும் ஈடுகட்டுகிறீர்கள். குவியல் 150. ஃப்ளாப்: ஸ்பேட் ராஜா, ஸ்பேட் 8, டைமண்ட் 3. அவர் 75 வைக்க, நீங்கள் ஈடுகட்ட, குவியல் 300. டர்ன்: கிளாவர் 6. அவர் 150, நீங்கள் ஈடு, குவியல் 600. ரிவர்: ஹார்ட் 2. அவர் 600 வைக்கிறார். உங்களிடம் இருப்பது ராஜா ஜோடி.

அவர் ஃப்ளாப்பிலிருந்து விடாமல் வைத்திருப்பதால் கதை இரண்டு விதமாகப் பொருந்துகிறது: ஒன்று, உங்களை வெல்லும் கை, மற்றது, வராமல் போன ஸ்பேட் ஃப்ளஷ். இப்போது எண்ணுங்கள். மூன்று ராஜாக்கள் சேர்ந்த கைக்கு ஒரே வழிதான் உண்டு, ஏனெனில் ஒரு ராஜா மேசையிலும் ஒன்று உங்கள் கையிலும் இருக்கின்றன. மூன்று எட்டுகளுக்கு 3 வழி, மூன்று ஆறுகளுக்கு 3 வழி. இந்த நண்பர் மிகச் சிறிய ஜோடிகளை முன் இருக்கையிலிருந்து உயர்த்துவதில்லை என்பதை முந்தைய வாரங்களில் பார்த்திருப்பதால் 3 ஜோடியையும் 2 ஜோடியையும் விட்டுவிடலாம். இரண்டு ஏஸுக்கு 6 வழி. ஏஸும் ராஜாவுமாக 8 வழி. ஆக, உங்களை வெல்பவை 21. வராமல் போன ஸ்பேட்களில், அவர் உயர்த்தி வரக்கூடிய இணைகள்: ஏஸுடன் ராணி, ஏஸுடன் ஜாக்கி, ஏஸுடன் 10, ஏஸுடன் 9, ராணியுடன் ஜாக்கி, ராணியுடன் 10, ஜாக்கியுடன் 10, 10-உடன் 9. ஒவ்வொன்றும் ஒரே வழி; மொத்தம் 8. இருபத்தொன்பதில் எட்டு என்பது 28 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. உங்களுக்குத் தேவை 33. கவிழ்த்துவிட வேண்டும்.

ஆனால் இதே நண்பர், ஏஸும் ராஜாவுமான கையோடு ரிவரில் முழுக் குவியலை வைக்கத் துணியாதவர், அந்த இடத்தில் செக் செய்துவிடுபவர் என்று உங்களுக்குத் தெரியும் என வைத்துக்கொள்வோம். அந்த 8 வழிகளும் போய்விடும். மிஞ்சியிருப்பது 13-க்கு 8. அதாவது 21-இல் 8, 38 சதவீதம். இப்போது ஈடுகட்டுவதே சரி. சீட்டுகள் மாறவில்லை, பந்தயம் மாறவில்லை. முதல் படியில் நீங்கள் கவனித்து வைத்த ஒரு பழக்கம் மட்டுமே விடையை மாற்றியிருக்கிறது. எதிராளியின் நடத்தையைப் படிப்பது என்று நான் சொல்வதன் பொருள் இதுதான்.

உங்கள் கையில் ஹார்ட் ராணிக்குப் பதிலாக ஸ்பேட் ராணி இருந்தால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். ராணி சேர்ந்த மூன்று ஸ்பேட் இணைகள் அவரிடம் இருக்க முடியாது. மிரட்டல் வழிகள் 5 ஆகக் குறையும். 18-இல் 5, மறுபடியும் 28 சதவீதத்துக்குள் வந்துவிட்டது. புதியவர்கள் பலர் “என்னிடமும் ஸ்பேட் இருந்தது, அதனால் அவருக்கு ஃப்ளஷ் தவறியிருக்கும் என்று நினைத்தேன்” என்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. வராமல் போன சின்னத்தின் சீட்டு உங்கள் கையில் இருந்தால், அவர் மிரட்டிக்கொண்டிருக்கும் வாய்ப்புக் குறைகிறது.

இந்த எண்ணிக்கையில், தவறிய எல்லா ஸ்பேட் கைகளோடும் அவர் துணிந்து மிரட்டுவார் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். கூச்சமுள்ள ஆட்டக்காரர் பாதியைத்தான் மிரட்டுவார். அவருக்கு எதிராக 8-ஐ 4 ஆக்கிக் கணக்கிடுங்கள். மேசையில் உட்கார்ந்து இவ்வளவும் எண்ண முடியுமா என்று கேட்பீர்கள். தொடக்கத்தில் முடியாது. வீட்டில் சீட்டுகளைப் பரப்பி வைத்து, வாரத்துக்கு மூன்று கைகளை இப்படி எண்ணிப் பாருங்கள்; சில மாதங்களில் துல்லிய எண் வராவிட்டாலும் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது பார்த்தவுடன் தெரியத் தொடங்கும்.

மூன்றாம் படி: அளவும் நேரமும்

ஒருவர் வழக்கமாகக் குவியலில் பாதி வைப்பவராக இருந்து, திடீரென இரண்டு மடங்கு வைத்தால், அல்லது மிகச் சிறிதாக வைத்தால், அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் இருக்கும். என்ன காரணம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். எங்களில் ஒருவர் பெரிய கை வந்தால் யாரும் ஓடிவிடக் கூடாதே என்று சிறிதாக வைப்பார். இன்னொருவர் அதே கையோடு பெரிதாக வைப்பார். பொது விதி எதையும் நம்பாமல், திறக்கப்பட்ட சீட்டுகளோடு பொருத்தி அந்த ஆளுக்குரிய விதியைக் கண்டுபிடியுங்கள்.

நேரத்தில் ஓரளவு பொதுத்தன்மை உண்டு. உங்கள் பந்தயத்துக்கு ஒருவர் உடனடியாக ஈடுகட்டினால், உயர்த்தலாமா என்று அவர் யோசிக்கவே இல்லை என்று பொருள். மிக வலுவான கையும் மிக மோசமான கையும் யோசிக்க வைக்கும் என்பதால், இது பெரும்பாலும் நடுத்தரக் கை அல்லது இன்னும் ஒரு சீட்டு சேர வேண்டிய கை. அப்படி இரண்டு முறை வேகமாக ஈடுகட்டிவிட்டு, எதிர்பார்த்த சின்னம் வராத ரிவரில் அவரே முந்திக்கொண்டு பெரிதாக வைத்தால் சந்தேகப்படலாம். நீண்ட நேரம் யோசித்துவிட்டுப் பெரிதாக உயர்த்துபவரை மிரட்டுகிறார் என்று எண்ணிப் புதியவர்கள் ஈடுகட்டுகிறார்கள். பழக்கம் குறைந்தவர்கள் எவ்வளவு வைத்தால் உங்களை உள்ளே இழுக்கலாம் என்றுதான் அந்த நேரம் முழுவதும் கணக்குப் போடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

நான்காம் படி: உடலும் பேச்சும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். சீட்டு மேசையில் முகம்தான் மிக நன்றாகக் காவல் காக்கப்படும் இடம். எல்லோரும் அதைத்தான் அடக்கிப் பழகுகிறார்கள். உளவியலாளர் மைக்கேல் ஸ்லெபியனும் அவருடைய குழுவினரும் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், தொழில்முறை ஆட்டக்காரர்கள் பந்தயம் வைக்கும் காணொளிகளை ஆய்வில் பங்கேற்றவர்களுக்குக் காட்டி, கை எவ்வளவு வலுவானது என்று ஊகிக்கச் சொன்னார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களுக்குப் பயன் கிடைக்கவில்லை. சிப்ஸைத் தள்ளும் கைகளின் அசைவை மட்டும் பார்த்தவர்கள் குருட்டு ஊகத்தைவிடச் சிறப்பாகக் கணித்தார்கள். தடங்கலின்றி, இழுபறியின்றிச் சிப்ஸ் நகர்வது வலுவின் அடையாளமாக இருந்தது. ஆகவே கண்ணைக் கண்ணுக்குக் கொடுக்காமல், மேசை மட்டத்தில் வையுங்கள்.

நான் நம்பிக்கையோடு சொல்லக்கூடிய குறிப்புகள் சில உண்டு. சிப்ஸ் வைக்கும்போது விரல்கள் நடுங்குவதைப் புதியவர்கள் பயம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் பெரிய கை வந்த பரபரப்பு. மிரட்டுபவர் தம்மை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் நடுக்கம் வெளியே வருவது குறைவு. எனவே இதுவரை நடுங்காத கை இப்போது நடுங்கினால் விலகிவிடுங்கள். வயதாலோ உடல்நிலையாலோ எப்போதும் நடுங்கும் கையை இதில் சேர்க்கக் கூடாது. அளவுகோல் எப்போதும் அந்த ஆளேதான்.

மேசையில் மூன்றாவது ஸ்பேட் விழுந்தவுடன் ஒருவர் தம் சீட்டுகளை மீண்டும் தூக்கிப் பார்த்தால், அவரிடம் ஃப்ளஷ் இல்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு ஸ்பேட் வைத்திருப்பவருக்கு அது நினைவிருக்கும். ஒரு கறுப்புச் சீட்டு ஸ்பேடா கிளாவரா என்று மறந்தவர்தான் திரும்பப் பார்க்கிறார். அதே ஆள் அடுத்த நிமிடமே ஃப்ளஷ் இருப்பவரைப் போலப் பெரிதாக வைத்தால், அது நல்ல சான்று. அதேபோல, புதிய சீட்டு திறந்தவுடன் ஒருவர் பார்வை ஒரு கணம் தம் சிப்ஸ் அடுக்கின் மேல் விழுந்து விலகினால், அந்தச் சீட்டு அவருக்கு உதவியிருக்கிறது. இதைப் பார்க்க வேண்டுமானால், சீட்டு திறக்கும் அந்த நொடியில் நீங்கள் சீட்டைப் பார்க்கக் கூடாது, ஆளைப் பார்க்க வேண்டும். சீட்டு எங்கும் ஓடிவிடாது.

நடிப்பு ஒன்று உண்டு. பழக்கம் குறைந்தவர்கள் நடிக்கும்போது உண்மைக்கு எதிர்ப்பக்கமாகவே நடிப்பார்கள். பெருமூச்சு விட்டு, தோளைக் குலுக்கி, “சரி, போனால் போகட்டும்” என்று அலுத்துக்கொண்டே உயர்த்துபவர் உங்களை அழைக்கிறார். அவரிடம் கை இருக்கிறது. சிப்ஸை ஓசையோடு எறிந்து, நெஞ்சை நிமிர்த்தி, கண்ணை எடுக்காமல் முறைப்பவர் உங்களைத் துரத்துகிறார். அவரிடம் இருப்பது பெரும்பாலும் வெத்துவேட்டு.

பேச்சு இந்த ஊரில் தனிச் சுவையுள்ளது. எங்கள் மேசையில் தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்தே ஒலிக்கின்றன. இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு நண்பர் ஓய்வாக இருக்கும்போது “நோடோணா, நோடோணா” (பார்ப்போம், பார்ப்போம்) என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே ஆடுவார். மிரட்டும்போது அந்தச் சொல் நின்றுவிடும். கேட்டால் ஒழுங்கான முழு வாக்கியத்தில், சற்று உயர்ந்த குரலில் பதில் சொல்வார். அவருடைய நோடோணா நின்றுவிட்டதா என்பதைத்தான் நான் கேட்டுக்கொண்டிருப்பேன். உங்கள் மேசையில் இருப்பவருக்கு வேறொன்று இருக்கும். எதிராளியிடம் “என்ன சார், ஸ்பேட் வரலையா?” என்று இயல்பாகக் கேட்டுப் பார்ப்பதும் பயன்படும். அவர் சொல்லும் விடையைப் பொருட்படுத்தாமல், விடை எவ்வளவு தாமதமாக, எவ்வளவு அளந்து வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

இப்படிக் கேட்டதற்குப் போக்கர் வரலாற்றிலேயே புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 2003 ஆம் ஆண்டில் லாஸ் வேகாஸில் நடந்த வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் முதன்மைப் போட்டியின் இறுதியில், கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ் மணிமேக்கரும், அனுபவம் மிக்க தொழில்முறை ஆட்டக்காரர் சாம் ஃபர்ஹாவும் மிஞ்சினார்கள். ஒரு கையில் மேசைமேல் ஸ்பேட் 9, டைமண்ட் 2, ஸ்பேட் 6, ஸ்பேட் 8, ஹார்ட் 3. மணிமேக்கரிடம் இருந்தவை ஸ்பேட் ராஜாவும் ஹார்ட் 7-உம். ஃப்ளஷும் வரவில்லை, வரிசையும் சேரவில்லை. அவர் தம்மிடமிருந்த சிப்ஸ் அனைத்தையும் நடுவில் வைத்தார். ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடி இருந்தது; வென்றிருக்க வேண்டிய கை. ஃப்ளஷ் தவறிவிட்டதா என்று அவர் வாய்விட்டே கேட்டார். மணிமேக்கர் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஃபர்ஹா சற்று யோசித்துவிட்டுக் கவிழ்த்துவிட்டார். அந்தப் போட்டியை வென்று 25 லட்சம் டாலர் பரிசு பெற்றவர் மணிமேக்கர்.

நான் இதைப் புதியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லக் காரணம், ஃபர்ஹா கதையைச் சரியாகவே படித்திருந்தார் என்பதுதான். ஃப்ளஷ் தவறியிருக்கிறது என்று பந்தயங்கள் அவருக்குச் சொல்லிவிட்டன. அதன்பின் அவர் அசைவற்ற ஒரு முகத்திடம் உறுதி கேட்டார். முகம் எதையும் தரவில்லை. உடலிடமிருந்து குறிப்புக் கிடைக்காதபோது கணக்கோடு நின்றுவிட வேண்டும். கிடைக்காத குறிப்பையே ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஐந்தாம் படி: சூழ்நிலையைச் சேர்த்துப் பாருங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கையில் மூன்று பேருக்கு மேல் இருக்கும்போது மிரட்டல் அபூர்வம், ஏனெனில் எல்லோரையும் ஒருசேர விரட்ட வேண்டியிருக்கும். கடைசியாகப் பேசும் இருக்கையில் இருப்பவர், மற்றவர்கள் செக் செய்ததைப் பார்த்தபின் வைக்கும் பந்தயத்தில் மிரட்டல் மிகுதி. சற்றுமுன் பெரிய கையை இழந்து சூடாக இருப்பவர் வழக்கத்தைவிட அதிகம் மிரட்டுவார். சிப்ஸ் தீரும் நிலையில் இருப்பவரோ விரட்ட முடியாது என்பது தெரிந்து குறைவாகவே மிரட்டுவார். எதற்கும் விடாமல் ஈடுகட்டும் ஆள் என்று நீங்கள் பெயர் எடுத்திருந்தால், உங்களிடம் யாரும் மிரட்ட மாட்டார்கள். உங்களுக்கு எதிராக வரும் பெரிய பந்தயங்களை மெய் என்றே கொள்ளுங்கள்.

மிக முக்கியமான எச்சரிக்கையும் இங்கேதான் வருகிறது. ஆட்டத்துக்குப் புதியவர் ஒருவர் ரிவரில் குவியல் அளவுக்கு வைத்தால், பத்தில் எட்டு முறையாவது மெய்யாகவே இருக்கும் என்ற எண்ணத்தோடு தொடங்குங்கள். மிரட்டலைப் பிடிப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. அந்த மகிழ்ச்சிக்கு ஆசைப்பட்டு, பார்த்துவிடுவோமே என்று ஈடுகட்டுகிறவர்தான் எங்கள் கூட்டத்தில் வாராவாரம் சுக்குக் காப்பி போடுகிறார். கதையில் ஓட்டை, வழக்கத்திலிருந்து விலகல், பொருந்தும் சூழ்நிலை ஆகிய மூன்றில் இரண்டேனும் இல்லாமல் நான் ஈடுகட்டுவதில்லை.

மேசை நாகரிகம்

உங்கள் இருக்கையிலிருந்து இயல்பாகத் தெரிவதைப் பார்ப்பது வேறு, பக்கத்தில் இருப்பவரின் சீட்டை எட்டிப் பார்ப்பது வேறு; பின்னது திருட்டு. அவர் சீட்டைக் கவனமின்றித் தூக்கிப் பிடித்தால், “அண்ணே, சீட்டு தெரியுது” என்று உடனே சொல்லிவிடுங்கள். ஆட்டம் நடக்கும்போது நீங்கள் விலகிவிட்ட கையைப் பற்றி வாய் திறக்காதீர்கள். “ஸ்பேட் நான் கவிழ்த்துவிட்டேன்” என்ற ஒரு சொல் இன்னொருவரின் கணக்கைக் கெடுத்துவிடும். ஒருவரிடம் நீங்கள் கண்டுபிடித்த பழக்கத்தை மேசையில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிக் காட்டவும் வேண்டாம். அது அவருக்கு அவமானம், உங்களுக்கும் நஷ்டம், ஏனெனில் அடுத்த வாரமே அவர் அதை மாற்றிக்கொள்வார். நெருங்கிய நண்பர் என்றால், அந்த ஆண்டின் ஆட்டங்கள் முடிந்தபின் தனியாகச் சொல்லுங்கள்.

குறிப்பேடு

மேசையில் எழுதக் கூடாது. வீட்டுக்குத் திரும்பியதும், அன்று சீட்டு திறக்கப்பட்ட கைகளில் மூன்றை மட்டும் எழுதுங்கள்: யார், எந்த இருக்கை, ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு வைத்தார், எவ்வளவு நேரம் எடுத்தார், என்ன சொன்னார், கடைசியில் என்ன காட்டினார். நீங்கள் கவிழ்த்துவிட்டு, அவர் சீட்டைக் காட்டாமல் போன கைகளை இதில் சேர்க்காதீர்கள். அங்கே உங்கள் ஊகமே சான்றாக மாறிவிடும். ஒரு ஆளைப் பற்றி ஒரே குறிப்பு மூன்று தடவை வந்த பிறகு அதன் கீழே கோடு போடுங்கள். கோடு போட்ட குறிப்பை வைத்து மட்டுமே அடுத்த சனிக்கிழமை சிப்ஸ் போடுங்கள்.